தலைவர் போர்த்திய பொன்னாடை

பேரூராட்சித் தலைவர் சங்கரபாண்டியனுக்குப் பொன்னாடை என்றால் உயிர். தெருவிளக்குத் திறப்புவிழாவுக்கு அவரே ஒன்றை வாங்கி, போர்த்திவிடவும் ஆள் வைத்திருந்தார்.

உச்சி வெயிலில் வந்து நின்றவர், "சுவிட்ச் எங்கே?" என்றார்.

"கிடையாதுங்கய்யா. இந்த மின்பெட்டி மேல இருக்கிற சென்சார், இருட்டினா தானா எரிய வைக்கும். விடிஞ்சா அணைச்சிரும்," என்றாள் தற்காலிக வயர்மேன் இசக்கியம்மாள்.

"நான் வந்திருக்கேன், இப்பவே எரியணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

இசக்கியம்மாள் பதறவில்லை. "அப்போ உங்க கையால பெட்டிக்குப் பொன்னாடை போர்த்துங்கய்யா. மரியாதை கிடைச்சா எரியும்."

மனசில்லாமல் போர்த்தினார். சென்சார் மூடிக்கொண்டது. பத்து எண்ணுவதற்குள் தெரு முழுக்க விளக்கு எரிய, கூட்டம் கைதட்டியது. கும்பிட்ட தலைவர், அதே சூட்டில் பொன்னாடையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்தன.

"எவன்டா அணைச்சது?"

"நீங்கதாங்கய்யா. சென்சாருக்குத் தலைவர் யாருன்னு தெரியாது, இருட்டு மட்டும்தான் தெரியும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எரியச் சொன்னார், எரிந்துவிட்டது. இனி அவள் வேலையைப் பறிக்க வழியில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும், எந்தத் தலைவரும் வராமலே தெரு வெளிச்சமானது.