நெற்றி விளக்கு வாலுக்குப் போனது

பூச்சி புழு எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மின்மினிகளுக்கு விளக்கு நெற்றியில் இருந்தது. நெற்றிச்சுட்டி வைத்தது போல! மரப்பிசினால் ஒட்டிய விளக்கு, அணைக்கவே முடியாது. அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் கண்ணுக்கு மேலேயே வெளிச்சம் அடித்தால் எதிரே இருப்பது எப்படித் தெரியும்? நேரே போய் எதிலாவது முட்டிக்கொள்ளும். அத்தனையும் ஒரே சாயல் வேறு. பெற்ற தாய்க்கே குழப்பம்.

ஆனைமலைக் காட்டில் மினுக்கி என்றொரு மின்மினி. அன்று சாயங்காலம் அவளுக்குக் கல்யாணம். முதல் மழை விழுவதற்குள் முடித்தாக வேண்டும். விட்டால் அடுத்த கோடைக்கு அவளும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மின்மினியின் ஆயுசு அவ்வளவுதான். வானமோ கறுத்துவிட்டது. மாப்பிள்ளை கருக்கனைக் காணோம்.

"வருவார், உட்காருடி" என்றாள் அக்கா வெள்ளச்சி.

"தானா வந்து சேர்ற ஆளா அவர்? போன வாரம் தவளை வாயை வாசல்னு நினைச்சு நுழையப் பார்த்தவர்!" என்று மினுக்கி கிளம்பிவிட்டாள்.

ஓடைக்கு மேலே, இரண்டு மூங்கிலுக்கு நடுவில் ஒரு சிலந்தி வலை. அதில் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு தொங்கினான் கருக்கன்.

"கோவிச்சுக்காதே மினுக்கி. பளபளன்னு இருந்துச்சா, கல்யாணப் பந்தல்னு நினைச்சுட்டேன்."

"பேசுற வாயால நூலைக் கடிங்க அத்தான்!"

"தலையைத் திருப்ப முடியலையே!"

மேலிருந்து சிலந்தி விறுவிறுவென்று இறங்கியது. அதற்குத் தொழில் தெரியும். விளக்கு எங்கேயோ அங்கே தலை. தலையை முதலில் கட்டிவிட்டால் கடிக்கிற வாய் அடங்கிவிடும்.

மினுக்கி யோசிக்கவே இல்லை. மூங்கில் கணுவில் காலை ஊன்றி எட்டினாள். வலையில் ஒட்டியிருந்த விளக்கை வெடுக்கென்று பிய்த்தாள், தலை விடுபட்டது. கருக்கன் அலறினான். அலறட்டும்! அதை அவன் வயிற்றின் கடைசியில், வால் நுனியில், பச்சக்கென்று அப்பினாள். சிலந்தி வால் பக்கம் திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், நெற்றியில் பிசின் தடம் மினுங்கியது!

"அட, இவனுக்கு ரெண்டு தலையா?" என்று சிலந்தி மறுபடியும் மேலே ஏறியது.

மூட வேண்டும். எதை வைத்து? மூங்கில் இலையை இழுத்தாள், வரவில்லை. சட்டென்று தன் கெட்டியான மேல் இறக்கை ஒன்றைப் பிய்த்தெடுத்து, கருக்கனின் தலைமேல் தொப்பி போலக் கவிழ்த்தாள். தலைப் பக்கம் கும்மிருட்டு. சிலந்தி வாலைக் கட்ட ஓடியது.

"இப்பக் கடிங்க!"

நறுக், நறுக். சிலந்தி முதல் முடிச்சுப் போடுவதற்குள் இருவரும் கட்டிப் பிடித்தபடி புல்லில் தொப்பென்று விழுந்தார்கள்.

கருக்கன் நிமிர்ந்தான். "மினுக்கி! எல்லாம் தெரியுது! மரம் தெரியுது, ஓடை தெரியுது... நீ இவ்வளவு அழகா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

அவள் பறக்கப் பார்த்தாள். இறக்கை குறைந்த உடம்பு பம்பரமாகச் சுற்றியது. வந்த எரிச்சலில் மிச்ச இறக்கைகளையும் பிடுங்கி எறிந்தாள்.

"ஐயோ, இனிமே எப்படிப் பறப்பே?"

"எதுக்குப் பறக்கணும்? உங்களைத் தேடி அலைஞ்சது போதும். நான் இருக்கிற இடத்திலேயே இருப்பேன், நீங்க வாங்க." தன் விளக்கையும் வாலுக்கு மாற்றிக்கொண்டாள். "சும்மா எரிய விடாதீங்க. இறக்கையால மூடி மூடித் திறந்து, சிமிட்டிச் சிமிட்டி வாங்க. சிலந்திக்கு நீங்க எங்கேன்னு தெரியாது, எனக்கு நீங்கதான்னு தெரியும்."

மழைக்கு முன்னே கல்யாணம் நடந்தது. சேதி காடெல்லாம் பரவியது. "எனக்குப் புருஷனும் வேணும், இறக்கையும் வேணும்" என்று வெள்ளச்சி தன் இறக்கையின் ஓரத்தை மட்டும் கிள்ளிப் புருஷனுக்குத் தொப்பி செய்தாள். அவள் வம்சத்துப் பெண்கள் இன்றும் பறக்கிறார்கள், அவர்களுடைய சிமிட்டலே வேறு. இன்னொரு கூட்டம் இந்த வம்பே வேண்டாமென்று விளக்கை ஓடையில் வீசிவிட்டுப் பகலில் திரியத் தொடங்கியது.

இப்படி அன்று முதல்தான் மின்மினி பல வகையானது, விளக்கு வாலுக்குப் போனது, தலை தொப்பிக்குள் ஒளிந்தது. மினுக்கியின் வம்சத்திலோ, ஆண்கள் சிமிட்டிக்கொண்டே காடு முழுக்கத் தேடுகிறார்கள். பெண்கள் புல்லில் உட்கார்ந்து, வாலைத் தூக்கி விளக்கைக் காட்டுவதோடு சரி, ஓர் அடிகூட எதிரே போவதில்லை.