வலப்பக்கம் திரும்பும்போது ஒரு சத்தம்

பாளையங்கோட்டையில் கார் பட்டறை வைத்திருந்தார் ஸ்டெல்லா டீச்சர். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போட்டபோது டீச்சர் என்ற பெயரும் கூடவே வந்துவிட்டது. அவருக்கு வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் பேச்சிமுத்துவுக்கு நாற்பத்தொன்பது. லாரி ஓட்டி இடுப்பு போன பிறகு தொழில் கற்க வந்த மனுஷர். ஐந்து வருஷத்தில் கை நன்றாகத் திருந்திவிட்டது. வாய்தான் இன்னும் லாரியை விட்டு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

"வலப்பக்கம் திரும்பினா டொக்குன்னு ஒரு சத்தம் வருது" என்றார் வண்டிக்காரர். பழைய வண்டிதான், வாங்கி இரண்டு மாதம் ஆகிறதாம்.

பேச்சிமுத்து நம்பரைப் பார்த்தார். நமச்சிவாயம் ஐயாவின் வண்டி அது.

ஐயா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. இதே சத்தத்தைச் சொல்லிக்கொண்டு இதே பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு தடவையும் பேச்சிமுத்துதான் பார்த்தார். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார், போல்ட்டையெல்லாம் முறுக்கினார், ஜாயிண்டை மாற்றினார். பிறகு தனியாக எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. பொட்டுச் சத்தம் இல்லை.

கடைசித் தடவை ஐயா மகனையும் கூட்டி வந்திருந்தார்.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு தம்பி. அப்பாவைக் கூட்டிட்டுப் போயி காதைக் காட்டுங்க" என்றார் பேச்சிமுத்து.

பட்டறையே சிரித்தது. ஐயாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார், பாவம்.

மகன் சிரிக்கவில்லை. இல்லாத சத்தம் கேட்கிறவருக்கு இருக்கிற ஹாரன் கேட்குமா என்று பயந்துவிட்டார். அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, முகம் செத்துப்போச்சு?" என்றார் டீச்சர்.

இது ஐயாவின் வண்டி என்று பேச்சிமுத்து சொன்னார். "அன்னைக்கு எல்லாத்தையும் பார்த்தேன் டீச்சர். இன்னும் எதைப் பார்த்திருக்கணும்?"

டீச்சர் வண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "சத்தம் கேட்கும்போது வண்டியில யார் யார் இருப்பீங்க?"

"நான், என் வீட்டுக்காரி. பின்னால எங்க அம்மா."

"நீங்க மட்டும் ஓட்டினா?"

வண்டிக்காரர் யோசித்தார். "அட, தனியா ஓட்டினா வராதே மேடம்!"

"அண்ணாச்சி, பின்னால ஏறுங்க. இடது பக்கமாச் சாஞ்சு உட்காருங்க."

வண்டியை மைதானத்துக்கு எடுத்துப் போய் வலப்பக்கம் ஒடித்தார் டீச்சர்.

டொக்.

பேச்சிமுத்துவின் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. டீச்சர் இன்னொரு சுற்று வந்தார். டொக். மூன்றாவது சுற்றுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே, "போதும் டீச்சர்" என்றார் பேச்சிமுத்து.

பின்பக்க இடது ஷாக் அப்சார்பரின் தலையில் இருந்த ரப்பர் புஷ் தேய்ந்து தூளாகியிருந்தது. அந்தப் பக்கம் ஆள் பாரம் ஏறினால் மட்டும் தட்டும். மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஐயாவின் மனைவி கோமதியம்மாளுக்கு முட்டி மடங்காது. பின்சீட்டில் காலை நீட்டி, இடது கதவில் சாய்ந்துதான் உட்காருவார். 'வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகையிலதான் கேட்குது' என்று ஐயா முதல் தடவையே சொன்னார். பேச்சிமுத்து அப்போது ஸ்பானர் தேடிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "இன்னொரு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு."

சாயங்காலம் பேச்சிமுத்து ஐயாவின் வீட்டுக்குப் போனார். வெறுமனே கிடந்த கார் ஷெட்டைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"வாரும், வாரும்" என்றார் ஐயா. பழைய மரியாதையில் ஒரு குறைவும் இல்லை.

"ஐயா, நீங்க சொன்ன சத்தம் நெசம். இன்னைக்கு நானே கேட்டேன். தப்பு என் மேலதான்."

ஐயா சிரித்தார். "என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லுதீரு. இருக்கட்டும்."

"சத்தியமா ஐயா. பின்னால ஒரு புஷ் போயிருந்துச்சு."

"வயசாயிட்டுல்லா, பேச்சிமுத்து. இல்லாததெல்லாம் கேட்கத்தான் செய்யும்."

உள்ளே குக்கர் இன்னொரு விசில் அடித்தது. ஐயா பேச்சை நிறுத்திவிட்டுப் பேச்சிமுத்து பக்கம் சாய்ந்தார்.

"இப்ப விசில் அடிச்சுதா?"

"அடிச்சுது ஐயா."

"எத்தனை?"

"மூணு."

"எனக்கும் மூணுதான் கேட்டுச்சு" என்றார் ஐயா. "இருந்தாலும் இப்பெல்லாம் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதது." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "கோமதி, அடுப்பை அணைக்கலாம். இவரும் மூணுன்னுதான் சொல்லுதாரு."

பேச்சிமுத்து காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

பட்டறையில் டீச்சர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்களா அண்ணாச்சி?"

"சொன்னேன் டீச்சர். நம்ப மாட்டேங்காரு. சத்தியம் பண்ணியும் நம்ப மாட்டேங்காரு." பேச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாளைக்கும் போவேன். நாளன்னைக்கும் போவேன். எத்தனை தடவை போய்ச் சொன்னா டீச்சர் அந்த மனுஷன் நம்புவாரு?"

டீச்சர் துணியைக் கீழே வைத்தார்.

"அவர் இங்க வந்து சொன்னாரே அண்ணாச்சி, நீங்க எத்தனாவது தடவையில நம்புனீங்க?"