கரும்பு கொடுக்கும் வேகம்

1827, அறுவடைக் காலம். மொரீசியஸில் லவால் துரையின் சர்க்கரை ஆலையில் இருபத்தொரு அடிமைகள். கரும்பைப் பிழியும் உருளைகளுக்கு நடுவே கரும்பு கொடுப்பவள் காத்தாயி. கை சிக்கினால் உருளையை உடனே நிறுத்த முடியாது. அதனால் கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற, பக்கத்தில் ஒருவர் கோடரியோடு நிற்க வேண்டும் என்பது துரை போட்ட விதி.

அன்று துறைமுகத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள்.

"சோம்பேறிக் கழுதை, இரண்டு மடங்கு வேகமாகக் கொடு. இல்லாவிட்டால் சவுக்கடிதான்" என்றார் துரை.

"எப்படி என்று தெரியவில்லை துரை. ஒரு தடவை காட்டுங்கள்" என்றாள் காத்தாயி.

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு கட்டுக் கரும்பை அணைத்து எடுத்தார். காத்தாயி கோடரிக்காரனிடமிருந்து கோடரியை வாங்கி, அவர் தோளருகே ஓங்கிப் பிடித்தாள்.

"என்ன செய்கிறாய்?"

"உங்கள் விதிதான் துரை. நீங்கள் கரும்பைப் பாருங்கள். கையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

துரை கட்டைக் கீழே வைத்தார். ஒரே ஒரு கரும்பை நுனியில் பிடித்து, எட்ட நின்று, மெதுவாக நுழைத்தார்.

"நானும் இதே வேகத்தில் கொடுக்கட்டுமா?"

விருந்தாளி ஒருவர் சிரித்துவிட்டார். "கொடு" என்றார் துரை.

1828 மார்ச்சில், கை உள்ளே போகாதபடி உருளைகளுக்கு முன்னால் மரத்தடுப்பு வைக்கப்பட்டது. அதற்கான பலகைகளை அடிமைகள் தங்கள் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்துக் கொடுத்தார்கள்.