செத்த நரி வராது

அல்லிக்குளத்தில் தினமும் மாலையில் ஒரு கரிச்சான் குருவி கதை சொல்லும். அதற்கென்று தனியாக மேடை கிடையாது. கரையோரச் சேற்றில் படுத்திருக்கும் சேறாயி என்ற எருமையின் கொம்புதான் மேடை. கதை ஆரம்பிக்கும்போது சேறாயி தூங்கிவிடும். முடிந்ததும் விழித்து, "முடிஞ்சுதா?" என்று கேட்கும். அதற்கும் கலைக்கும் அவ்வளவுதான் உறவு.

கதாநாயகன் பெயர் இடிக்கீரி. பனைமரத்தில் இடி விழுந்தபோது அடியில் நின்ற ஒரு சாதாரணக் கீரிக்கு யானை பலம் வந்துவிட்டது. முதுகில் ஒரு தேக்கிலையைக் கட்டிக்கொண்டு அது காடெல்லாம் பறந்து எளிய உயிர்களைக் காப்பாற்றும். முதல் பாகத்தின் முடிவில் கபாலன் என்ற கொடிய நரியை மலையுச்சியிலிருந்து அருவிக்குள் தள்ளிவிட்டது. நரி செத்தது. குளமே கூத்தாடியது. தவளைக்குஞ்சுகள் தேக்கிலைத் துண்டுகளை முதுகில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் பறக்கப் பார்த்து, வயிறு அடிபட விழுந்தன.

கோடை வந்தது. கரிச்சான் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தது. அன்றைக்குப் பிடித்தது குளத்துக்குச் சனி.

அந்தக் குளத்துக்குக் காவல் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி. புல் அசைந்தால்கூடக் கத்திவிடும். அதன் குரல் கேட்டதும் முயல் புதருக்குள் பாயும்; தவளை தண்ணீருக்குள் குதிக்கும். குளத்தில் இருந்த ஒரே சட்டம் இதுதான்: ஆள்காட்டி கத்தினால் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் ஏன் என்று கேட்க வேண்டும். இந்தச் சட்டம் இருந்ததால்தான் அங்கே முயல்களுக்குத் தாத்தா என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருந்தது.

மஞ்சக்காலி முட்டையிட்டது அந்தக் கோடையில்தான், அதுவே முதல் ஈடு. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கரையின் மறுகோடியில், வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. புள்ளி போட்ட முட்டைகள். கல்லோடு கல்லாகக் கிடக்கும். பகலில் அதன் வீட்டுக்காரர் அடைகாப்பார். மாலையில் அவர் இரை தேடப் போவார். அப்போது மஞ்சக்காலி உட்கார வேண்டும்.

கதை நேரமும் அந்த மாலைதான். முதலில் முட்டைமேல் உட்கார்ந்தபடியே கேட்டது. வசனம் சரியாகக் காதில் விழவில்லை. கொஞ்சம் தள்ளி வந்து கேட்டது. பிறகு முன்வரிசைக்கே வந்துவிட்டது. 'கூப்பிடு தூரம்தானே' என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டது.

இரண்டாம் பாகத்தின் முதல் மாலையில் கரிச்சான் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "அருவிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால்... கபாலன்!"

மஞ்சக்காலியால் பொறுக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கத்திவிட்டது.

அடுத்த நொடி குளக்கரை காலி. வெகுநேரம் கழித்து, நெடுஞ்செவி என்ற முயல் புதரிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது.

"எங்கே? யாரு? சிறுத்தையா?"

"சிறுத்தை இல்லை. ஓட்டை! கதையில ஓட்டை! முதல் பாகத்துல செத்த நரி இரண்டாம் பாகத்துல எப்படி வரும்?"

"இதுக்கா கத்தினே? எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

ஆனால் தத்தப்பன் என்ற கிழத்தவளை அல்லி இலையில் ஏறி உட்கார்ந்து யோசித்தது. "அக்கா கேட்கிறது நியாயம்தான். எனக்கும் ஒரு சந்தேகம். இடிக்கீரியோட தேக்கிலை எங்கே போச்சு? இப்ப ஆலிலையில்ல கட்டியிருக்கு?"

"கோடையில தேக்கு உதிர்ந்துபோகும்ப்பா" என்றது கரிச்சான்.

"அதைக் கதையில சொல்லலையே."

"சொல்ல விட்டாத்தானே."

அன்றிலிருந்து கதை கொஞ்சமாகவும் வாதம் அதிகமாகவும் நடந்தது. கபாலன் சாகவே இல்லை, பாறை இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்று முயல் சொன்னது. இத்தனை நாள் தொங்கினால் தின்றது என்ன என்று தவளை கேட்டது. இது கபாலனின் இரட்டைப் பிறவித் தம்பி என்றது முயல். தம்பி இருந்தால் முதல் பாகத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றது மஞ்சக்காலி. ஒவ்வொரு ஓட்டைக்கும் அது ஒரு கத்தல் கத்தும். முதலில் எல்லோரும் ஓடினார்கள். பிறகு பாதி தூரம் ஓடித் திரும்பினார்கள். கடைசியில் ஓடுவதையே விட்டுவிட்டார்கள். ஆள்காட்டி கத்தினால் "எந்த இடம், எந்த இடம்?" என்று கேட்டபடி நெருங்கி உட்கார ஆரம்பித்தார்கள். பழைய சட்டம் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு பேரும் நரியின் சாவைப் பற்றிய கவலையில் இருந்தார்கள்.

ஒரு மாலை கரிச்சான் தனக்கு மிகவும் பிடித்த காட்சிக்கு வந்தது. வானத்தில் மேகம் இல்லாத நாள். இடி இல்லாததால் இடிக்கீரிக்குப் பலம் வற்றிப்போயிருக்கிறது. கபாலன் கீரிக்குட்டிகள் இருக்கும் பொந்தை மோப்பம் பிடித்து வருகிறது. இடிக்கீரி என்ன செய்தது? கால் உடைந்ததுபோல நொண்டியது. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, நரியைப் பொந்திலிருந்து தூரமாக இழுத்துக்கொண்டு போனது.

மஞ்சக்காலி இரண்டு முறை கத்தியது. "யானை பலம் உள்ளவன் நொண்டுவானா? நொண்டுற மாதிரி நடிக்கிறது கோழைத்தனம். இது எங்க இடிக்கீரியே இல்லை."

"பொந்துல குட்டிங்க இருக்கே அக்கா" என்றது முயல். "அதுக்காகத்தானே?"

"உனக்குக் கதையே புரியலை."

"அதை விடுங்க" என்றது தவளை. "எந்த நரி இதை நம்பும்?"

குளத்தங்கரைக் கோரைப்புல்லுக்குள் ஒரு நிஜ நரி படுத்திருந்தது. பெயர் ஒட்டவயிறன். தவளை பிடிக்க வந்து, கதையில் மாட்டிக்கொண்டு, சில நாளாக அங்கேயே கிடந்தது. தவளை சொன்னதைக் கேட்டு அதுவும் தலையாட்டியது. 'அதானே, எந்த நரி இதை நம்பும்? எங்க இனத்துக்கே அவமானம்' என்று மனத்துக்குள் பொருமியது. ஆனாலும் பசி பசிதான். ஆள்காட்டி கத்தினால் இப்போது யாரும் ஓடுவதில்லை என்பதை அது கவனித்திருந்தது. ஆள்காட்டி முன்வரிசையில் இருக்கிறது என்றால் முட்டைமேல் யாரும் இல்லை என்பதும் அதற்குப் புரிந்தது.

மறுநாள் மாலை, எருமையை விட்டுத் தள்ளி, அல்லி இலைகளுக்கு அப்பால் பஞ்சாயத்து கூடியது. "கபாலன் செத்தது செத்ததாகவே இருக்கணும், நொண்டுற காட்சியை எடுத்துடணும். இல்லேன்னா நாங்க கதைக்கு வரமாட்டோம்" என்று தவளை அறிவித்தது. கரிச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தக் காட்சியை யோசிக்க அது ஒரு மழைக்காலம் முழுவதும் செலவழித்திருந்தது.

"நரி வேணும்னா போகட்டும்" என்றது அது. "நொண்டுறது இருக்கட்டுமே."

"இருக்கக் கூடாது" என்று திரும்பிய மஞ்சக்காலி, பாதியில் நின்றது. கரையின் மறுகோடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஒரு வால் ஆடிக்கொண்டிருந்தது.

"நரி!" என்று அலறியது மஞ்சக்காலி. "நரி! நரி!"

யாரும் அசையவில்லை.

"அதைத்தானே அக்கா பேசிட்டிருக்கோம்" என்றது தவளை, திரும்பாமலே. "நரி செத்துப்போச்சு. முடிவு பண்ணியாச்சு."

"வந்திருக்கு! அங்கே வந்திருக்கு!"

"அப்படின்னா சாகலைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்றது முயல், மகிழ்ச்சியோடு. "இத்தனை நாளா நான் என்ன சொன்னேன்?"

"செத்த நரி வராதுன்னு அக்காதான் முதல்ல சொன்னாங்க. இப்ப கட்சி மாறினா எப்படி?" என்றது தவளை.

கரிச்சானோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. இன்னொரு ஓட்டை என்று நினைத்துவிட்டது.

மஞ்சக்காலி பறந்தது. நரி ஒவ்வொரு கல்லாக முகர்ந்துகொண்டிருந்தது. கல், கல், கல். அடுத்த வரிசையில் முட்டை. மஞ்சக்காலி அதன் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. நரி காதைக்கூட ஆட்டவில்லை.

"கத்து, கத்து. யார் வரப்போறாங்க?"

அந்தக் கேள்வி மஞ்சக்காலியின் நெஞ்சில் தைத்தது. குளம் முழுவதையும் காப்பாற்றிய குரல், தன் முட்டைக்கு உதவவில்லை. குரலை வீணாக்கியதும் தான்தான். அதற்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஆள்காட்டிகள் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. அதன் அம்மா செய்திருப்பாள். ஆனால் அப்போது மஞ்சக்காலி முட்டைக்குள் இருந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், நேற்றுத் திட்டித் தீர்த்த அந்தக் காட்சி.

மஞ்சக்காலி தொப்பென்று நரியின் முன்னால் விழுந்தது. ஒரு இறக்கையைத் தரையில் இழுத்தது. ஒரு காலை மடக்கியது. நொண்டியது. விழுந்தது. எழுந்தது. மறுபடி நொண்டியது.

நரி தலையைத் தூக்கியது. முட்டைக்கு வந்த இடத்தில் கறியே நடந்து போகிறது. முட்டை எங்கே ஓடிவிடப்போகிறது? முதலில் இதைப் பிடிப்போம் என்று பின்னாலேயே போனது. 'எந்த நரி இதை நம்பும்?' என்று கேட்ட அதே நரிதான்.

ஒரு எட்டு வைத்தால் வாய்க்குள் வந்துவிடும்போல இருந்தது. நரி எட்டு வைத்தால் பறவை இன்னும் ஒரு எட்டு தள்ளி விழுந்தது. இப்படியே கரை ஓரமாக வந்து, கோரைப்புல்லைத் தாண்டி, சேற்றுக்கு வந்துவிட்டார்கள். மஞ்சக்காலி சேறாயியின் வால் பக்கம் சுருண்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டது. நரி இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பாய்ந்தது.

மஞ்சக்காலி இரண்டு இறக்கையும் விரித்து ஜிவ்வென்று மேலே போய்விட்டது. நரியின் பல் எருமையின் வாலில் இறங்கியது.

சேறாயி கண் திறந்தது. "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

பிறகு பின்னங்காலால் ஒரு உதை விட்டது. ஒட்டவயிறன் அல்லி இலைகளுக்கு மேலாகப் பறந்து, பஞ்சாயத்துக்கு நடுவில் தொபீரென்று விழுந்தது.

தவளை திரும்பிப் பார்த்தது. முயலும் பார்த்தது. நரியின் மூச்சுக்காற்று இருவர் மேலும் அடித்தது.

"இது... எந்தப் பாகம்?" என்றது முயல்.

அதற்குப் பிறகுதான் அவை ஓடின. நரியும் ஓடியது, வேறு பக்கமாக. அதன் கால் இப்போது நிஜமாகவே நொண்டியது.

மஞ்சக்காலி நேராக முட்டைகளிடம் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கும் சூடு ஆறாமல் இருந்தன. இருட்டும்வரை அதன் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டுக்காரர் வந்து, "ஏன் இப்படி நடுங்குறே?" என்று கேட்டபோது, "கதை கொஞ்சம் பயங்கரமா இருந்தது" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் மாலை எல்லோரும் மறுபடி கூடினார்கள். தவளையின் முதுகில் ஒரு கோடு, நரியின் நகம் பட்டது. ஆனாலும் அதன் வாய் அடங்கவில்லை. "கரிச்சான் அண்ணே, நொண்டுற காட்சியை எடுத்தாச்சா?"

கரிச்சான் கரையின் மறுகோடியைப் பார்த்தது. மஞ்சக்காலி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஒரு கண் புல்லின் மேல், ஒரு கண் கரைக்கு அப்பாலிருந்த மேட்டின் மேல்.

"அந்த இடத்தை மாத்தாதீங்க அண்ணே" என்று அங்கிருந்தே சொன்னது. "அது சரியாத்தான் இருக்கு. எனக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமா மட்டும் சொல்லுங்க."

கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. இடிக்கீரி பொந்தை விட்டு வெளியே வந்து நொண்ட ஆரம்பித்த நேரத்தில், மஞ்சக்காலி கத்தியது.

ஒரு உயிர்கூட "எந்த இடம்?" என்று கேட்கவில்லை. தவளை தண்ணீரில், முயல் புதரில், கரிச்சான் மரத்தில். மேட்டில் எட்டிப் பார்த்த ஒரு காட்டுப்பூனை, குளத்தில் யாருமே இல்லாததைக் கண்டு வெறுங்கையோடு திரும்பிப் போனது. சேறாயி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

கதையில் வரும் நரி செத்ததா பிழைத்ததா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் வாசலுக்கு வரும் நரிக்காக வைத்திருக்கும் குரலை அந்த வாதத்தில் செலவழித்துவிடக் கூடாது.