ஆம்பில் இல்லாத சத்தம்

நாகர்கோவிலில் தையல் வேலை பார்த்த செலினிடம் எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது, ஆம்ப் இல்லை. அதனால் அவள் வாசிப்பது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். வேலை முடிந்ததும் சொர்ணப்பனின் இசைக்கருவிக் கடைக் கண்ணாடி வழியாக டிஜிட்டல் ஆம்பையே பார்த்து நிற்பாள். ஒரு நாள் கிட்டாரோடு உள்ளே போனாள்.

சொர்ணப்பன் வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தார். "ஏ புள்ள, நூறு ஆம்போட சத்தம் இதுக்குள்ள இருக்கு. இதுல இல்லாத சத்தம் ஒண்ணு சொல்லு, சும்மாவே தாறேன்."

செலின் கிட்டாரைச் செருகி, கம்பிகளைக் கையால் பொத்திக்கொண்டு, ஆம்பின் குமிழைத் திருகி ஒவ்வொரு சத்தமாக மாற்றினாள். எல்லாவற்றிலும் உஸ்ஸென்று இரைந்தது.

"இரைச்சல் இல்லாத சத்தம் இதுல இல்லயே, முதலாளி."

"அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்றவர், எல்லாரும் சிரித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆம்ப் கைமாறியது.

அன்று மாலை செலின் வீட்டில் ஆம்பைப் போட்டு வாசிக்க, அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்: "ஏ செலினு, இவ்வளவு இரைச்சலுக்குள்ளயும் ரேடியோவுல யாரு இப்படி நல்லா வாசிக்கா?"