ஜமீனும் ஆடி மாசத்துப் பட்ஜெட்டும்

ஒரு ஊர்ல ஒரு பிரியாணிக் கடை. அந்தக் கடை வாசல்ல ஒரு ஆடு, உயிரோட. 'ம்' கொட்டிக்கிட்டே கேளு, நீ நிறுத்தினா நான் தூங்கிருவேன்.

கடைக்காரன் பேரு சின்னக்காளை. பொண்டாட்டி பேரு பவளக்கொடி. ஆட்டுக்குப் பேரு ஜமீன். அதோட தாடியும் நடையும் அப்படி. தாயில்லாக் குட்டியா வந்ததைப் பவளக்கொடிதான் பால்புட்டி வச்சு வளர்த்தா. அதனால மத்த ஆடெல்லாம் அண்டாவுக்குப் போகும், ஜமீன் மட்டும் வாசல்ல நின்னு சாப்பிட வர்றவங்கள மேலயும் கீழயும் பார்க்கும். ம்?

அப்போ ஆடி மாசம். கடையில கூட்டம்னா கூட்டம்! டங் டங்னு அண்டா தட்டுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. சின்னக்காளைக்குத் தலைகால் புரியல. "பெரிய கம்பெனிக்காரன்லாம் பட்ஜெட் போடுறான், நானும் போடுறேன்"னு உக்காந்தான். என்ன செஞ்சான் தெரியுமா? ஆடி மாச வரவை எடுத்தான், பன்னெண்டால பெருக்கினான். அம்புட்டுத்தான் பட்ஜெட்! பெருக்கின சந்தோஷத்துல கையிருப்பையெல்லாம் கொட்டி ஒரு புல்லட்டு வாங்கிட்டான். டுபு டுபு டுபுன்னு வீதிய மூணு சுத்து சுத்தி வந்தான், மூஞ்சியப் பார்க்கணுமே.

பவளக்கொடி கேட்டா, "ஏங்க, திடீர்னு பணத்துக்கு முடை வந்துச்சுன்னா?"

"அதுக்கும் எழுதிட்டேன் புள்ள."

வாங்கிப் பார்த்தா, கடைசி வரியில 'அவசரத்துக்கு: ஜமீன்'னு இருக்கு. அவ வாசல் பக்கம் திரும்பி ஜமீனைப் பார்த்தா. ஜமீனுக்கு ஒண்ணும் தெரியாது, அது பாட்டுக்கு ஒரு செருப்பை மென்னுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஆவணி போச்சு, புரட்டாசி வந்துச்சு. ஊரே சைவம்! முந்தாநாள் வரைக்கும் எலும்பைக் கடகடன்னு கடிச்சவன்லாம் நெத்தியில நாமத்தைப் போட்டுக்கிட்டு, கடையத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறான். சின்னக்காளை திருதிருன்னு முழிக்கிறான். வருஷா வருஷம் வர்ற புரட்டாசி, என்னமோ சொல்லாமக் கொள்ளாம வந்த மாதிரி! கல்லாப்பெட்டி காலி. "அவசரம் வந்துருச்சு, ஜமீனைப் புடி மாஸ்டரு"ன்னான். மாஸ்டரு வீரபத்திரன்தான் அங்க வெட்டுறதும் சமைக்கிறதும். அவரு சொன்னாரு, "வெட்டலாம். திங்கிறது யாரு? நீங்க ஒத்தை ஆளாத் தின்னுருவீங்களா?" ஜமீன், "மே"ன்னுச்சு.

ஐப்பசியில கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அப்புறம் கார்த்திகை. சின்னக்காளை மறுபடியும், "மாஸ்டரு, ஜமீனைப் புடி"ன்னு போனா, மாஸ்டரு கறுப்பு வேட்டி, கழுத்துல மாலை! "சாமி சரணம். கத்தியத் தொட மாட்டேன் சாமி. மலைக்குப் போயிட்டு வந்துதான் கடை சாமி." சின்னக்காளை தானே கத்தியத் தூக்கிக்கிட்டுப் போனான். ஜமீன் ஒரு பார்வை பார்த்துச்சு பாரு, கத்திய அங்கேயே போட்டுட்டு வந்துட்டான். கோழி றெக்கையப் பார்த்தாலே மயங்கி விழுற ஆளு அவன், பிரியாணிக் கடை வேற!

ம் சொல்லுடா. ஆங்.

அப்புறம் தை. பொங்கலும் முடிஞ்சுது. கடை வீட்டுக்காரர் வந்து நின்னாரு. "நாளைக்குள்ள பாக்கி வாடகை வரணும், இல்லேன்னா சாவி வரணும்." இப்போ மாஸ்டரு மாலையக் கழட்டியாச்சு. ஊரும் கறி தின்னத் தயார். எந்தச் சாக்கும் மிச்சமில்ல. கொல்லையில கத்தி தீட்டுற சத்தம் கேக்குது, சர்க்... சர்க்... சர்க்.

ஏன் எந்திரிச்சு உக்கார்றே? படு, படு.

பவளக்கொடி ஓடிப்போய் ஜமீன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அழுகையா வருது அவளுக்கு. சின்னக்காளைக்கும் மனசு வரல, ஆனா வீறாப்பு விடல. பட்ஜெட் தாளை எடுத்துக்கிட்டு வந்து அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். "எழுதினது எழுதினதுதான் புள்ள! கடைசி வரியப் பாரு!"

லபக்!

ஜமீன் கடைசி வரியப் பார்த்துச்சு. முதல் வரியிலேர்ந்து அம்புட்டையும் தின்னுருச்சு. சவக் சவக் சவக்.

"ஐயோ, என் பட்ஜெட்!"

பவளக்கொடி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சா. "இவனை வெட்டினா ஒரு நாள் யாவாரம். அடுத்த புரட்டாசிக்கு யாரை வெட்டுவீங்க, என்னையா?" பார்சல் கட்டுற பேப்பரை எடுத்தா, பேனாவ எடுத்தா, முதல் வரியா எழுதினா. 'அவசரத்துக்கு: புல்லட்டு.'

"அவசரம் இப்பவே வந்தாச்சு. சாவியக் குடுங்க."

மறுநாள் புல்லட்டு வேற ஒருத்தனோட போச்சு. டுபு... டுபு... டுபு... சத்தம் தேயிற வரைக்கும் சின்னக்காளை வாசல்ல நின்னு அழுதான். வாடகை கட்டியாச்சு, கடை தப்பிச்சுது. ஜமீன் அவன் வேட்டி நுனிய மென்னுக்கிட்டே பக்கத்துல நின்னுச்சு.

அப்புறம் அடுத்த ஆடி வந்துச்சு. அதுக்குள்ள சின்னக்காளை ஒரு பழைய மொபெட்டு வாங்கியிருந்தான், பட்பட்பட்னு. பவளக்கொடி பேப்பரை எடுத்து வச்சா. "பட்ஜெட் போடுங்க. அவசரத்துக்கு மொபெட்டுன்னு நானே எழுதிட்டேன். மிச்சத்தை நீங்க எழுதுங்க."

அடேயப்பா! தன் வண்டின்னதும் வந்துச்சு பாரு அறிவு! புரட்டாசிக்குக் காளான் பிரியாணி. கார்த்திகைக்கு மாஸ்டரு லீவு. ஆடி வரவுல ஒரு பங்கு தை மாச வாடகைக்கு. பன்னெண்டு மாசத்தையும் ஒவ்வொண்ணா, விரலை மடக்கி மடக்கி விடிய விடிய எழுதினான். நடுவுல ஒரு வரி, 'ஜமீனுக்குத் தீவனம்.' அதை அவ சொல்லல, அவனா எழுதினான். எழுதி முடிச்சு, அந்தத் தாளை ஜமீனுக்கு எட்டாத உசரத்துல ஆணியடிச்சு மாட்டினான்.

எட்டலையேன்னு ஜமீன் கோவிச்சுக்கிட்டுப் போய் மொபெட்டு சீட்டைத் தின்னுருச்சு.

கடை சாத்தியாச்சு, ஜமீனும் படுத்தாச்சு. நீயும் கண்ணைச் சாத்து.