இரண்டு விசில் குறைந்த பருப்பு

சாய்ந்தகுளத்தில் குளம் நேராகத்தான் இருக்கிறது. சாய்ந்திருப்பது வேறு ஏதோ என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த ஊரில் நயினார், தங்கப்பழம், சங்கிலி என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். உழைக்கிறவர்களை அவர்கள் உழைக்கும் இடத்துக்கே போய்ப் பேட்டி எடுத்து, ஊரார் கைப்பேசியில் கேட்கும்படி வெளியிடுவது. ‘வேலையும் சோறும்’ என்று பெயர்.

நயினார் மூத்தவர், கேள்வி கேட்பது அவர். தங்கப்பழம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்வான். சங்கிலி சாப்பிட்டுப் பார்த்து, சாப்பாட்டைப் பற்றி எழுதுவான். மற்ற இருவருக்கும் சங்கிலியின் வேலைமேல்தான் கண்.

திருநெல்வேலியில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார்கள். அங்கே சொன்னதையெல்லாம் நயினார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்த நோட்டில் இல்லாத எதையும் மூவரும் செய்ததில்லை, மூச்சு விடுவதைத் தவிர.

‘விருந்தினரை இயல்பாக இருக்க விடுங்கள்’ என்று நோட்டில் இருந்தது. முதல் பேட்டி ஒரு காவலாளியுடன். அவரை இயல்பாக இருக்க விட்டார்கள். நாற்பது நிமிடம் குறட்டை பதிவாயிற்று. ‘விருந்தினரோடு சேர்ந்து நடங்கள்’ என்று இருந்தது. தபால்காரரோடு மூவரும் ஏழு தெரு நடந்தார்கள். மைக்கை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்லியிருக்கவில்லை; அது தபால் நிலைய மேஜையிலேயே இருந்து, முத்திரை குத்தும் சத்தத்தை ஒரு மணி நேரம் பதிந்துகொண்டது. அதைப் பதினோரு பேர் கேட்டார்கள். நன்றாக இருந்ததென்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

மூன்றாவது பேட்டிக்கு ஆவுடையக்காவின் மெஸ்ஸுக்குப் போனார்கள்.

ஆவுடையக்கா பத்தொன்பது வருடமாகத் தனியாளாகச் சமைப்பவர். இரண்டு வருடமாக வலது தோள் மேலே எழும்பவில்லை. சோற்று அண்டாவை இடுப்பில் அணைத்து, சுவரில் சாய்த்து, பேசிப் பேசித்தான் இறக்குவார். அண்டாவோடுதான் பேச்சு. ஊருக்கு வெளியே இருந்த நூற்பாலையில் கேன்டீன் சமையலுக்கு ஆள் தேடினார்கள். பாத்திரம் தூக்க இரண்டு ஆள் தருவார்களாம். அதைக் கேட்டதும் ஆவுடையக்காவுக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஆலை மேனேஜர் சிதம்பரநாதன், நான்கு அலுவலர்களோடு சாப்பிட்டுப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஒரு சமையல்காரரை அவர் சாம்பாரை வைத்து மட்டுமே எடைபோடுவார் என்று ஊருக்கே தெரியும்.

மூவரும் அதே வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றார்கள்.

“இன்னைக்குத்தானா வரணும்? நாளைக்கு வாங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் ஆவுடையக்கா.

நயினார் நோட்டைப் பிரித்துக் காட்டினார். “‘வேலை மும்முரமா இருக்கும்போது போங்க’ன்னு எழுதிருக்கு அக்கா. நாளைக்கு நீங்க சும்மா இருப்பீங்க.”

“நான் என்னைக்குடா சும்மா இருந்தேன்?”

“அதையும் கேள்வியா வச்சிருக்கோம் அக்கா.”

தங்கப்பழம் ஹெட்போனை மாட்டிய நொடியில் முகம் வெளுத்தான். “அண்ணாச்சி, இங்க ரொம்பச் சத்தம். நோட்டுல என்ன போட்டிருக்கு?”

“‘சத்தமில்லாத இடமாக இருக்க வேண்டும்.’”

மின்விசிறியை நிறுத்தினார்கள். கிரைண்டருக்கு ஒரு போர்வை போர்த்தினார்கள்; பாவமாக இருந்ததால் தலையணையும் வைத்தார்கள். ஜன்னலில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. வாயில் ஏதாவது இருந்தால் கத்தாது என்று சங்கிலி ஒரு பிடி சோறு வைத்தான். காகம் உறவினர்கள் எல்லோரையும் கூப்பிட்டது.

அடுத்து, எண்ணெயில் கடுகு வெடித்தது.

“அக்கா, கடுகு இப்படி ஒட்டுமொத்தமாப் பேசினா உங்க குரல் அமுங்கிரும்” என்றான் தங்கப்பழம். “ஒவ்வொண்ணாப் போட்டா என்ன?”

“ஒவ்வொண்ணாவா? எத்தன கடுகுன்னு தெரியுமா?”

“எண்ணிரலாம் அக்கா. சங்கிலி சும்மாத்தான் இருக்கான்.”

சங்கிலி சும்மா இருக்கவில்லை; வடை தின்றுகொண்டிருந்தான். ‘படிப்பவர் நாக்கில் ருசி தட்டும்படி எழுதுங்கள்’ என்பது அவனுக்கான பாடம். ஆகவே பேனாவை வைத்துவிட்டு, ரசத்தைத் தொட்டுத் தாளில் தடவியிருந்தான். ஓரத்தில் கொஞ்சம் புளி. அதை முதலில் எறும்புகள் வாசித்தன. வரி விடாமல் வாசித்தன. மிஞ்சிய இடத்தில் அவன் எழுதியது இவ்வளவுதான்: “வடை நன்றாக இருந்தது. இன்னொன்று தந்தால் இன்னொரு வரி எழுதலாம்.”

கடைசியில் நயினார் ஒரு தீர்ப்புச் சொன்னார். பேட்டியை முன்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘கேட்பவருக்கு அடுப்படியிலேயே நிற்பதுபோல் இருக்க வேண்டும்’ என்றும் நோட்டில் இருக்கிறது. எனவே தங்கப்பழமும் சங்கிலியும் அடுப்படியில் நின்று, வருகிற சத்தத்தைக் கைப்பேசியில் தனியாகப் பதிய வேண்டும்.

அக்காவுக்கும் அது வசதியாகப் போயிற்று. சோறு வடித்தாகிவிட்டது. கொத்தவரங்காய்ப் பொரியல், ரசம், அப்பளம் எல்லாம் தயார். சாம்பாருக்குப் பருப்பு மட்டும் பெரிய குக்கரில் வெந்துகொண்டிருந்தது.

“மூணு விசில் வந்தா வெந்துரும். அதுவரைக்கும் என்ன வேணாலும் கேளு” என்று சொல்லிவிட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து இலை துடைக்க ஆரம்பித்தார்.

ஆவுடையக்கா சமைக்கும்போது கடிகாரம் பார்ப்பதில்லை. கை ஒன்று செய்யும், வாய் ஒன்று பேசும், காது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் காது ஒரு விசிலைக்கூடத் தவறவிட்டதில்லை.

அடுப்படியில் முதல் விசில் வந்தது. தங்கப்பழம் சிலிர்த்துப்போனான். ‘பதிவானதை உடனே போட்டுக் கேளுங்கள்’ என்று நோட்டில் இருந்ததால், கைப்பேசியை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டான். விசில் கணீரென்று வந்தது.

“என்னல அது?” என்றான் சங்கிலி. அப்பளம் கடித்துக்கொண்டிருந்ததில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

தங்கப்பழம் இன்னொரு தடவை போட்டான்.

“எய்யா, மூணு ஆச்சு! அடுப்ப அணைங்க!” என்று முன்கூடத்திலிருந்து அக்காவின் குரல்.

“மூணா? ஒண்ணுதான வந்துச்சு?” என்றான் சங்கிலி.

“அக்கா பத்தொம்பது வருசமா எண்ணுதாவ. நீ நேத்து வந்தவன்” என்று சொல்லித் தங்கப்பழம் அடுப்பை அணைத்தான்.

பன்னிரண்டு பத்துக்கு ஆவுடையக்கா, பின்னால் நயினாரும் வர, அடுப்படிக்குப் போய்க் குக்கரைத் திறந்து மத்தை வைத்தார். பருப்பு துள்ளித் தரையில் ஓடியது.

“இது என்ன அநியாயம்! மூணு விசில் என் காதால கேட்டேனே!”

“அதுல ரெண்டு நம்ம விசில் அக்கா” என்றான் தங்கப்பழம். பெருமையில் அவனுக்குக் குரல் தழுதழுத்தது. “உங்களுக்கே வித்தியாசம் தெரியல பாத்தீங்களா? அவ்வளவு சுத்தமான பதிவு.”

அக்கா கரண்டியை எடுத்தார். வலது தோள் அதை மேலே தூக்க விடவில்லை. அது தங்கப்பழத்தின் நல்ல நேரம்.

மறுபடி மூடி, அடுப்பைப் பற்றவைத்தார். “இன்னும் ரெண்டு விசில் வரணும். ஒருத்தனும் குக்கரத் தொடக் கூடாது” என்றார். அதற்குள் வாசலில் ஜீப் சத்தம். மேனேஜர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அக்கா சேலையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினார்.

அடுப்படியில் மூவரும் குக்கரைச் சுற்றி நின்றார்கள். செய்த தப்பு அவர்களுக்கு உறுத்தியது. கெட்டவர்கள் இல்லை அவர்கள்.

“ஒரு பருப்புக்கு மூணு விசில்” என்று நயினார் ஆரம்பித்தார். “ஒண்ணு போய்ச் சேந்துட்டு. மத்த ரெண்டும் எங்க?”

“நம்ம போன்ல அண்ணாச்சி.”

“அடுத்தவங்க பருப்போட விசில நாம வச்சிருக்கலாமா?”

“கூடாது அண்ணாச்சி.”

“அப்பத் திருப்பிக் கொடுத்துருவோம்.”

சங்கிலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “நாம ரெண்டு கொடுத்து, அடுப்பும் ரெண்டு கொடுத்துட்டா? மொத்தம் அஞ்சாயிரும். பருப்பு கூழாப் போயிருமே?”

மூவரும் அந்த ஆபத்தை நினைத்துக் குக்கரிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்கள்.

“அப்ப அடுப்ப அணச்சிரு” என்றார் நயினார்.

“தொடக் கூடாதுன்னாவளே?”

“குக்கரத்தான் தொடக் கூடாதுன்னாவ. அடுப்ப ஒண்ணும் சொல்லல.”

அடுப்பை அணைத்தார்கள். ஸ்பீக்கரைக் குக்கரின் காதோரம் பிடித்து, இரண்டு விசிலை ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் மரியாதையான இடைவெளி விட்டுப் போட்டார்கள். “நல்லா உள்ள இறங்கட்டும்” என்று சங்கிலி மூடியை மெல்லத் தட்டிக்கொடுத்தான். தொட்டோமே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

முன்கூடத்தில் இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் இரண்டும் விழுந்தன. ஓடி வந்தார். குக்கர் மூடி கேட்காமலேயே திறந்துகொண்டது. உள்ளே பார்த்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். மூவர் முகத்தையும் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, “அண்டா இன்னும் எத்தன வருசத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். அண்டாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்போது அவர் கண்ணில் நயினாரின் கையிலிருந்த நோட்டு பட்டது.

“ஏ நயினாரு. பேட்டி எடுக்கத்தான வந்த?”

“ஆமா அக்கா.”

“போய் அந்த மேனேஜர எடு. நான் சாம்பார் வாளியோட வாரவரைக்கும் விடாத.”

நயினார் முன்கூடத்துக்குப் போய், மேனேஜரின் இலைக்கு முன்னால் மைக்கை வைத்தார். ‘கதையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்’ என்று நோட்டில் இருந்தது.

“ஐயா, நீங்க பொறந்ததுலேருந்து சொல்லுங்க.”

சிதம்பரநாதன் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. “என்னையா கேக்கறீங்க?”

முப்பத்தோரு வருட வேலையில் அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். எத்தனை மூட்டை, எந்த லாரி, யார் லீவு. அவரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பதினேழு வயதில் ஆலையில் பஞ்சுத்தூசி கூட்டும் வேலை. முதல் நாள் மதியம் தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியைத் திறந்தபோது மேலிருந்து பஞ்சு உதிர்ந்தது. தேங்காய்ப்பூ தூவினதுபோல் இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டே தின்றுவிட்டார்.

ஒரு மணிக்கு அவருக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. குமாஸ்தா ஒருவர் எழுந்து, “சார், சாப்பாடு...” என்றார். நயினார் நோட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். ‘விருந்தினர் பேசும்போது குறுக்கிடாதீர்கள்’ என்று அதில் இருந்தது. குமாஸ்தா உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். அடுத்தவர் ஊறுகாய் முடிந்து உப்புக்கு வந்திருந்தார். மூன்றாமவர் வாழையிலையின் நுனியைக் கொஞ்சம் யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அக்கா அடுப்பை விட்டு நகராமல், நிஜமாகவே மூன்று விசில் விட்டார். பயத்தில் நாலாவதும் விட்டார். ஒன்றே முக்காலுக்கு வாளியோடு வந்து நின்றபோது, மேனேஜர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“கொஞ்சம் இரும்மா. இன்னும் எனக்குக் கல்யாணம் ஆகல.”

இரண்டே காலுக்குக் கல்யாணம் முடிந்தது. சாம்பாரை ஊற்றினார்கள். ஐந்து பேரும் தலை நிமிரவில்லை. உப்பைத் தின்றவர் நான்கு தடவை சாம்பார் வாங்கினார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படி ஒரு சாம்பார் நான் வாழ்க்கையில சாப்பிட்டதில்ல” என்றார். அவர் இலையில் அப்போது ரசம்தான் இருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து கேன்டீன் ஆவுடையக்காவின் பொறுப்பு என்று முடிவாயிற்று. அண்டாவைத் தூக்க இரண்டு ஆட்கள். “வாட்டசாட்டமான ஆளா அனுப்புங்கய்யா. அதோட பேசத் தெரிஞ்சா இன்னும் நல்லது” என்றார் அக்கா.

“கடைசியில பருப்பு வெந்துட்டு பாத்தியா?” என்றான் சங்கிலி, திரும்பி வரும் வழியில்.

“நம்ம விசில் வேலை செய்யும்ல. கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும், அவ்வளவுதான்” என்றான் தங்கப்பழம்.

அந்தப் பகுதி வெளியானதும் ஆலையில் நானூறு பேரும் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து ஊரும் கேட்டது. மேனேஜர் தினம் இரண்டு தடவை கேட்டார். தங்கப்பழம் மகிழ்ச்சியில் தன் விசிலைப் பேச்சுக்கு நடுவே, கறிவேப்பிலை தூவுவதுபோல், தாராளமாகத் தூவியிருந்தான்.

அந்த வாரம் சாய்ந்தகுளத்தில் எந்த வீட்டிலும் பருப்பு வேகவில்லை. எல்லோரும் சமைத்துக்கொண்டேதான் கேட்டார்கள். எல்லோரும் மூன்று எண்ணியதும் அடுப்பை அணைத்தார்கள். சனிக்கிழமைக்குள் முப்பத்தாறு புகார் வந்தது.

மூவரும் கவலையோடு கூடி உட்கார்ந்தார்கள்.

“அக்கா மெஸ்ஸுல வெந்துச்சே. அதே விசில்தான?” என்றார் நயினார்.

“ஒரு சொட்டு மாறல அண்ணாச்சி.”

நேரில் பார்த்துவிடலாம் என்று, முதல் புகார் அனுப்பிய பள்ளிக்கூட ஆசிரியை செல்வமணியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் வேகாத பருப்பைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். நயினார் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, பல்லைத் தடவிக்கொண்டே, “டீச்சர், எப்படிக் கேட்டீங்க? உள்ளத மறைக்காமச் சொல்லுங்க” என்றார்.

“காலையில எனக்கு எங்க நேரம் இருக்கு? எல்லாத்தையும் ஒண்ணரை மடங்கு வேகத்துல வச்சு ஓட்டிவிட்டுத்தான் கேப்பேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கப்பழம் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டான். தப்பு அவர்கள் விசிலில் இல்லை.

அன்றிலிருந்து ‘வேலையும் சோறும்’ எப்போது தொடங்கினாலும், முதலில் நயினாரின் நிதானமான குரலில் இந்த அறிவிப்பு வருகிறது:

“நேயர்களுக்கு அன்பான வேண்டுகோள். துவரம்பருப்பு வேகவைக்கிறவர்கள் எங்கள் நிகழ்ச்சியை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்க வேண்டாம். பாசிப்பருப்பு என்றால் பரவாயில்லை.”